பிக்கப் வண்டியில் காற்றுத் தொட்டி: கட்டுவதும் காலி செய்வதும்

காற்றழுத்தக் கருவிகள் தமிழ்நாட்டில் பட்டறையை விட்டு வெளியே வந்து நெடுநாளாகிவிட்டது. நெடுஞ்சாலையில் டயர் வெடித்து நிற்கும் லாரியைத் தேடிப் பஞ்சர் கடைக்காரரே கம்ப்ரசரோடு வந்துவிடுகிறார். ஸ்பிரே பெயின்ட் அடிப்பவரும், மணல் வீச்சில் துரு எடுப்பவரும், மர வேலைக்கு ஆணித் துப்பாக்கி பிடிப்பவரும் தங்கள் கம்ப்ரசரை வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுபோகிறார்கள். 2005-இல் டாடா ஏஸ் வந்தது. மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திராவின் பொலிரோ பிக்கப் என்று சிறு சரக்கு வண்டிகள் பெருகின. ஒரு முழுப் பட்டறையும் இன்று அந்த வண்டிகளின் பின்பகுதியில் அடங்கிவிடுகிறது.

அந்தப் பின்பகுதியில் நிற்கும் காற்றுத் தொட்டியை எப்படிக் கட்டுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரு கயிறு போட்டால் தீர்ந்துவிடும் சிறு வேலையாகத் தெரியும். ஆனால் இதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, நூறு நூற்றைம்பது கிலோ இரும்பு நகராமல், சாயாமல், எகிறாமல் இருக்க வேண்டும். இன்னொன்று, அந்த இரும்புக்குள் அடைபட்டிருக்கும் அழுத்தம் யாரையும் காயப்படுத்தக் கூடாது. எடையைக் கட்டிப் பிடிக்கலாம். அழுத்தத்தைக் கட்டிப் பிடிக்கிற பெல்ட் எதுவும் கிடையாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் நம் சாலைகளில் காணும் பெரும்பாலான ஆபத்தின் வேர்.

தொட்டிக்குள் என்ன இருக்கிறது

பஞ்சர் கடையில் வழக்கமாகக் காணும் 200 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 8 பார் அழுத்தம், அதாவது கடைக்காரர் கணக்கில் சுமார் 115 பவுண்டு காற்று ஏறியிருக்கிறது. உள்ளே இருக்கும் காற்றின் எடை இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும். எடையில் அற்பம்தான். ஆனால் 45 செ.மீ. விட்டமுள்ள தொட்டியானால், அதன் இரு முனைத் தகடுகள் ஒவ்வொன்றையும் அந்தக் காற்று 12 டன்னுக்கு மேற்பட்ட விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த விசையை இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருப்பவை வளைத்த தகடும் அதன் வெல்டிங் தையலும்தான்.

தொட்டி திடீரெனக் கிழிந்தால் வெளிப்படக்கூடிய ஆற்றலையும் கணக்கிடலாம். 200 லிட்டர், 8 பார் என்றால் ஏறத்தாழ 2 லட்சம் ஜூல். ஒன்றரை டன் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதில் இருக்கும் ஆற்றலும் அவ்வளவே. தண்ணீரைப் பிடித்து அழுத்திச் சோதிக்கும்போது தொட்டி விரிசல் விட்டால் தண்ணீர் கசிந்து அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். காற்று அப்படி அடங்காது. சுருங்கிக் கிடந்தது முழுவதும் விரியும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். தொட்டிகளின் வலிமையைச் சோதிக்கக் காற்றைத் தவிர்த்துத் தண்ணீரைப் பயன்படுத்துவதற்குக் காரணமே இதுதான்.

வெயிலையும் இதில் சேர்க்க வேண்டும். மூடிய தொட்டியின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறும். காலையில் 27 டிகிரியில் 8 பார் காட்டிய தொட்டி, திறந்த வண்டியில் சித்திரை வெயில் பட்டு உள்காற்று 67 டிகிரியை எட்டினால் 9 பாரைத் தாண்டிவிடும். நல்ல நிலையில் உள்ள தொட்டிக்கு இது பெரிய சுமையில்லை. உள்ளே துருவேறி மெலிந்த தொட்டிக்கு அப்படிச் சொல்ல முடியாது. சேஃப்டி வால்வு சிக்கியிருந்தாலோ, கசிகிறது என்று யாராவது அதைக் கழற்றி அடைப்பான் போட்டிருந்தாலோ, ஆபத்துக்கு எந்தத் தடையும் மிஞ்சுவதில்லை.

சாலை தரும் விசை

வண்டி நிற்கும்போது தொட்டி தன் எடையால் மட்டுமே தரையை அழுத்துகிறது. ஓடும்போது நான்கு திசைகளிலும் தள்ளப்படுகிறது. சரக்கு கட்டுவதற்கான விதிகளை வகுத்த நாடுகள் இந்த விசைகளை எண்களாகவே எழுதிவைத்திருக்கின்றன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2004 முதல் நடைமுறைப்படுத்தும் விதிகளின்படி, கட்டு முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 80 விழுக்காடு விசையையும், பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும் 50 விழுக்காடு விசையையும் தாங்க வேண்டும். பெல்ட்டுகளின் அனுமதிக்கப்பட்ட சுமைத்திறனைக் கூட்டினால் அது சரக்கின் எடையில் பாதிக்காவது வர வேண்டும். ஐரோப்பாவின் இஎன் 12195 தரமும் முன்பக்கத்துக்கு அதே 80 விழுக்காட்டைத்தான் சொல்கிறது. எளிதில் கவிழும் சரக்குக்குப் பக்கவாட்டு விசையை 60 விழுக்காடாக உயர்த்துகிறது.

இந்த எண்களை நம் தொட்டிக்குப் பொருத்திப் பார்க்கலாம். மோட்டாரும் பம்பும் தொட்டியின் தலைமேல் உட்கார்ந்திருப்பதால் கம்ப்ரசரின் எடை மையம் உயரத்தில் இருக்கிறது. செங்குத்துத் தொட்டியில் எடை மையம் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்திலும், கால்களுக்கு நடுவிலிருந்து ஓரம் வரை 25 செ.மீ. தூரமும் இருப்பதாக வைத்துக்கொண்டால், எடையில் 31 விழுக்காடு பக்கவாட்டு விசை வந்ததுமே அது கவிழத் தொடங்கும். விதி எதிர்பார்க்கும் 50 விழுக்காட்டை எட்டுவதற்கு வெகு முன்பே விழுந்துவிடுகிறது. ஆகவே நகராமல் தடுப்பது மட்டும் போதாது. மேல்பாதியையும் பிடித்தாக வேண்டும். செங்குத்துக் கம்ப்ரசரைப் படுக்க வைத்துக் கொண்டுபோவதும் தீர்வாகாது. பம்பில் இருக்கும் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கி, அடுத்து ஓட்டும்போது வால்வுத் தகடுகளைக் கெடுத்துவிடும்.

மேடு பள்ளம் இன்னொரு வகையில் வேலை செய்கிறது. பின்சக்கரம் குழியில் இறங்கி ஏறும் கணத்தில் தொட்டி தரையை அழுத்துவது வெகுவாகக் குறைகிறது. அழுத்தம் குறைந்த அந்தக் கணத்தில் உராய்வும் போய்விடும். எடை அதிகம், அசையாது என்று நம்பி விட்டுவிடும் இரும்பு இப்படித்தான் அங்குலம் அங்குலமாக நகர்ந்து பின்கதவுக்கு வந்து சேர்கிறது.

சாக்கு மூட்டையின் பழக்கம்

நம் ஊர் லோடுமேன்களுக்குக் கயிறு கட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வைக்கோல், பருத்தி, நெல் மூட்டை என்று வண்டிக்கு மேல் ஓராள் உயரம் அடுக்கி, சுருக்குப் போட்டு இறுக்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோகிற கைத்திறன் அது. ஆனால் அந்தத் திறன் அமுங்கும் சரக்குக்காக வளர்ந்தது. மூட்டை கயிற்றுக்கு இணங்கி அமுங்கும். அமுங்கிய பின் பக்கத்து மூட்டையோடு பிணைந்து நிற்கும். உருண்டையான இரும்பு அமுங்குவதில்லை. அதன் வழுவழுப்பான வண்ணப்பூச்சில் கயிறு வழுக்கும். குலுங்கலில் ஒரு விரற்கடை தளர்ந்துவிட்டாலே கட்டு முழுதும் பயனற்றுப் போகும்.

கயிற்றின் தன்மையும் பொருந்தாது. நைலான் கயிறு இழுபடும். பிரேக் பிடிக்கும்போது தொட்டிக்கு ஓட இடம் கொடுக்கும். தேங்காய் நார்க் கயிறு நனைந்து காய்ந்து நைந்துபோகும். எந்தக் கயிறானாலும் முடிச்சு விழும் இடத்தில் அதன் வலு பெரிதும் குறையும். எங்கே கட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தால் கவலை இன்னும் கூடுகிறது. கைக்கு வாகாக இருப்பதால் மோட்டார் பெல்ட்டின் காவல் கூண்டிலும், காற்றுக் குழாயிலும், பிரஷர் சுவிட்ச் பக்கத்திலும் கயிற்றைச் சுற்றுகிறார்கள். அவை எடை தாங்கச் செய்தவை அல்ல. குழாய் வளைந்து முறிந்தால், இரும்பைப் பிடிக்கப் போட்ட கயிறே அழுத்தத்தை வெளியே விட்டதாகும்.

கயிறே இல்லாத முறையும் உண்டு. உதவியாள் ஒருவர் பின்னால் ஏறி, கம்ப்ரசருக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, காலால் முட்டுக் கொடுத்து, கையால் பிடித்துக்கொள்வார். 150 கிலோ கம்ப்ரசருக்கு எடையில் 80 விழுக்காடு என்றால் 120 கிலோ விசை. அதைக் கையால் நிறுத்த எந்த மனிதராலும் ஆகாது. சரக்கு வண்டியின் பின்னால் ஆளை ஏற்றுவதைச் சட்டமும் தடுக்கிறது. ஒரு மனித உடலைக் கட்டுக் கயிறாகப் பயன்படுத்துவதை எந்தக் கூலியாலும் நியாயப்படுத்த முடியாது.

பெல்ட், சங்கிலி, ரப்பர்

இதற்குப் பொருத்தமான கருவி ராட்செட் பெல்ட். பாலியஸ்டர் நாடாவில் செய்தது, அதிகம் இழுபடாது, பல்சக்கரப் பூட்டால் ஒருவரே இறுக்க முடியும். 50 மி.மீ. அகலப் பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டு அதன் திறனைச் சொல்லும். நேராக இழுக்கும்போது 2,500 டேக்கா நியூட்டன், அதாவது ஏறத்தாழ இரண்டரை டன் என்பது பரவலாகக் கிடைக்கும் அளவு. 25 மி.மீ. பெல்ட்டுகளின் திறன் அதைவிட மிகக் குறைவு. சீட்டு இல்லாத பெல்ட்டின் திறன் யாருக்கும் தெரியாது என்பதால் அதை வாங்காமல் இருப்பதே சரி. வெயிலில் நிறம் வெளுத்ததும், ஓரம் பிசிறியதும், முடிச்சுப் போட்டதும் ஒதுக்க வேண்டியவை. தொட்டியின் காலிலோ தகட்டின் விளிம்பிலோ பெல்ட் உரசும் இடத்தில் பழைய டயர்த் துண்டை வைத்தால் அறுபடாது.

சங்கிலி வலுவானதுதான். ஆனால் வளைந்த தொட்டித் தகட்டின் மேல் நேரடியாகப் போட்டால் பூச்சைச் சுரண்டி, அந்த இடத்தில் துருவுக்கு வழி திறக்கும். சங்கிலியைத் தொட்டியின் காலோடும் அடிச்சட்டத்தோடும் நிறுத்திக்கொண்டு, தொட்டியின் உடலுக்குப் பெல்ட்டைப் பயன்படுத்துவது நல்ல பிரிவினை.

கட்டும் விதம் இரண்டு. பெல்ட்டை மேலே போட்டுக் கீழ்நோக்கி இறுக்குவது ஒன்று. இதில் பெல்ட் நேரடியாகப் பிடிப்பதில்லை. தொட்டியைத் தரையோடு அழுத்தி உராய்வைக் கூட்டுகிறது. பெல்ட் செங்குத்தாக இறங்கும் அளவுக்குத்தான் இதில் பலன். தரையோடு 30 டிகிரி கோணத்தில் சாய்ந்து போனால் அழுத்தும் விசை பாதியாகிவிடும். மற்றொன்று, தொட்டியின் காலிலிருந்தோ சட்டத்திலிருந்தோ நான்கு மூலைக்கும் சாய்வாக நான்கு பெல்ட் இழுப்பது. இது நேரடியாக ஓட்டத்தைத் தடுக்கிறது. கம்ப்ரசருக்கு இரண்டாம் முறையே முதன்மை. முதல் முறை அதற்குத் துணை.

மலிவான ரப்பர் பாய் இவ்வளவு உதவும் என்று பலர் நினைப்பதில்லை. ஈரமும் எண்ணெயும் படிந்த தகட்டின் மேல் இரும்புக் கால் நின்றால் உராய்வுக் கெழுவை 0.2 என்று கொள்ளலாம். 120 கிலோ விசையில் உராய்வு 30 கிலோவைப் பிடிக்கும். மீதி 90 கிலோ பெல்ட்டின் தலையில் விழும். வழுக்காத ரப்பர் பாய் விரித்தால் கெழு 0.6 வரை போகும். அப்போது உராய்வே 90 கிலோவைப் பிடித்து, பெல்ட்டுக்கு 30 கிலோ மட்டும் விடும். குழியில் எகிறும்போது இந்த உதவி தற்காலிகமாகக் குறையும் என்பதால் பாயை நம்பிப் பெல்ட்டை விட்டுவிடக் கூடாது. தொட்டியைக் கேபின் பக்கத் தகட்டோடு ஒட்டி நிறுத்தி, இடைவெளியில் மரக்கட்டை வைத்தால் முன்பக்க விசையின் பெரும்பகுதி தகட்டுக்குப் போய்விடும். சக்கரம் வைத்த கம்ப்ரசரானால் சக்கரத்தைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் அடிச்சட்டத்தின் கீழ்க் கட்டை கொடுத்துச் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்க வேண்டும்.

கட்டி முடித்ததோடு வேலை முடியாது. அமெரிக்க விதிகள் புறப்பட்ட முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள் கட்டை ஒருமுறை பார்க்கச் சொல்கின்றன. வேகத்தடைகளும் ஒட்டுப் போட்ட சாலைகளும் நிறைந்த நம் ஊரில் முதல் பத்து கிலோமீட்டரிலேயே இறங்கிப் பார்ப்பது பொருந்தும். புதிதாக இறுக்கிய கட்டு அடங்கித் தளர்வது அந்தத் தொடக்கத் தூரத்தில்தான்.

எதில் கட்டுவது

பெல்ட்டின் திறன் அது மாட்டியிருக்கும் கொக்கியின் திறனைத் தாண்டாது. சிறு சரக்கு வண்டிகளின் பக்கத் தகட்டில் பற்றவைத்திருக்கும் கம்பிக் கொக்கிகள் தார்ப்பாய்க்கும் கயிற்றுக்கும் உரியவை. இரண்டரை டன் பெல்ட்டை அதில் மாட்டி இறுக்கினால் இறுக்கும்போதே கொக்கி வளையலாம். பக்கத் தகடு கீலில் திறப்பதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் தாழ்ப்பாளே மொத்தக் கட்டையும் தாங்க வேண்டியிருக்கும்.

தரையில் போல்ட் போட்டுக் கண்ணி வைக்கலாம் என்றால், அங்கும் கவனம் வேண்டும். 8.8 தர 12 மி.மீ. போல்ட் ஒன்று சுமார் 5 டன் இழுவை வரை நிலையான நீட்சி இல்லாமல் தாங்கும். ஆனால் அது துளைத்து நிற்கும் தரைத் தகடு மெல்லியது. வேகமாக இழுத்தால் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். தரைக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துத் துளையிட்டு, அடியில் தடித்த தகட்டை வாஷராக வைத்து, தானே கழலாத நட்டுப் போட்டு முடுக்குவதே முறை. கண்ணி வளைத்த கம்பியாக இருக்கக் கூடாது; அடித்து உருவாக்கிய முழுக் கண்ணியாக இருக்க வேண்டும். துளையிடும் முன் கீழே பிரேக் குழாயோ, டீசல் குழாயோ, மின்கம்பியோ போகிறதா என்று குனிந்து பார்த்துவிட வேண்டும்.

லாரியும் சிஎன்ஜி ஆட்டோவும் தரும் பாடம்

கம்ப்ரசரை நிரந்தரமாகவே வண்டியில் பொருத்திவிட விரும்புகிறவர்களுக்கு நல்ல முன்மாதிரிகள் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடும் வாகனத்தில் காற்றுத் தொட்டி என்பது புதிய சிந்தனையும் அல்ல. பிரான்சின் நாந்த் நகரில் 1879-இலேயே அழுத்தக் காற்றில் ஓடும் டிராம் வண்டிகள் ஓடின. இன்று ஏர் பிரேக் உள்ள ஒவ்வொரு லாரியும் பேருந்தும் காற்றுத் தொட்டிகளைச் சுமந்தே செல்கின்றன. அவை எப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். சேஸிஸ் சட்டத்தோடு போல்ட் போட்ட தாங்கி, தொட்டியின் வளைவுக்கு ஏற்ற இருக்கை, சுற்றிப் பிடிக்கும் எஃகுப் பட்டைகள், பட்டைக்கும் தொட்டிக்கும் இடையில் ரப்பர், அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிக்கும் வால்வு. தொட்டியின் உடலில் துளையோ கூடுதல் வெல்டிங்கோ கிடையாது.

சிஎன்ஜி சிலிண்டர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் 200 பார் அழுத்தம். சிறு கார்களிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் அந்தச் சிலிண்டரின் பிடிப்பு, ஐ.நா.வின் 110-ஆம் விதிப்படி, பயணத் திசையில் அதன் எடையைப் போல் 20 மடங்கும் பக்கவாட்டில் 8 மடங்கும் விசையைத் தாங்க வேண்டும். சரக்குப் பெல்ட்டுக்குக் கேட்கும் 80 விழுக்காட்டோடு இதை ஒப்பிட்டால் ஒரு முக்கிய உண்மை புலப்படும். சரக்குக் கட்டும் விதிகள் பிரேக்குக்கும் வளைவுக்கும் எழுதியவை. சிஎன்ஜி விதி மோதலுக்கு எழுதியது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி எதன் மீதாவது மோதி நின்றால், பெல்ட் பிடிக்காத தொட்டி 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தோடு கேபினைத் தாக்கும். நல்ல பெல்ட் கட்டு அந்த அடியைக் குறைக்கும். முழுவதும் தடுத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. மோதலில் கட்டு தோற்றாலும் தொட்டி வெடிக்காமல் இருக்க ஒரே வழி, அதில் அழுத்தம் இல்லாமல் வைத்திருப்பதுதான்.

நிரந்தரப் பொருத்தத்தில் பலரும் செய்யும் தவறு, தொட்டியின் நான்கு கால்களையும் தரையோடு விறைப்பாக முடுக்கிவிடுவது. மேடு பள்ளத்தில் வண்டியின் பாடி முறுக்கிக்கொள்ளும். தரை வளையும்போது அதோடு விறைப்பாகப் பிணைந்த கால், தொட்டியோடு பற்றவைத்த இடத்தில் இழுபடும். ஆயிரக்கணக்கான முறை இழுபட்டபின் விரிசல் காலில் தொடங்கித் தொட்டியின் தகட்டுக்குள் ஓடும். காலுக்கடியில் ரப்பர் மவுன்ட் வைப்பதும், கம்ப்ரசர் முழுவதையும் தனி இரும்புச் சட்டத்தில் ஏற்றி, அந்தச் சட்டத்தை மட்டும் வண்டியோடு பொருத்துவதும் இதைத் தவிர்க்கும். கட்டுவதற்கு வசதியாகத் தொட்டியின் மேலேயே வளையம் பற்றவைப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வெல்டிங் சூட்டில் தகட்டின் இயல்பு மாறிவிடும். தொட்டி தயாரானபோது செய்த சோதனை அத்தோடு செல்லாததாகிவிடும்.

தொட்டியின் உடல்நலம்

நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அதை அழுத்தும்போது ஈரம் நீராகி அடியில் தங்கும். தினமும் வடிக்காவிட்டால் தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். கிடைத் தொட்டியில் இந்தத் துரு அடிவயிற்றில் நீளவாக்கில் ஓடும். வெளியே பூச்சு பளபளக்கும். 4 மி.மீ. தகடு அரித்து 2 மி.மீ. ஆனால் அந்த இடத்தில் விழும் இழுவிசை இரட்டிப்பாகிறது. வண்டியின் அதிர்வு அந்த மெலிந்த இடத்தையே மீண்டும் மீண்டும் ஆட்டுகிறது. பட்டறையில் பல ஆண்டு தாங்கக்கூடிய தொட்டி வண்டியில் ஏறியபின் முன்பே தளர்வதற்குக் காரணம் இந்தக் கூட்டு விளைவு. லாரி ஓட்டுநர்கள் பிரேக் தொட்டியில் தண்ணீர் வடிக்கும் பழக்கத்தைக் கம்ப்ரசர் வைத்திருப்பவர்களும் கைக்கொள்ள வேண்டும். காலைச் சுற்றி விரிசல், பெல்ட் படும் இடத்தில் துரு, அடியில் குமிழ்போல் எழும்பிய பூச்சு ஆகியவற்றை மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கசியும் தொட்டியை ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது. ஊசித் துளை ஒன்று தெரிந்தால், சுற்றிலும் உள்ள தகடும் மெலிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

சிலிண்டர் வேறு கணக்கு

ஆக்சிஜன், நைட்ரஜன், உயர் அழுத்தக் காற்று அடைத்த சிலிண்டர்களைப் பயணத்துக்கு முன் காலி செய்ய முடியாது. கொண்டுபோவதே உள்ளிருக்கும் வாயுவுக்காகத்தான். ஆகவே இங்கே கட்டின் பொறுப்பு பன்மடங்கு கூடுகிறது. 2021 கொரோனா இரண்டாம் அலையில் ஊரெங்கும் அறிமுகமான ‘டி டைப்’ சிலிண்டரின் கொள்ளளவு 47 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 150 பாரில் அதற்குள் இருக்கும் ஆற்றல், நாம் முன்பு கணக்கிட்ட பஞ்சர் கடைத் தொட்டியைப்போல் ஆறு மடங்குக்கு மேல். அதன் பலவீனமான இடம் கழுத்திலுள்ள பித்தளை வால்வு. சிலிண்டர் சாய்ந்து வால்வு முறிந்தால், திறக்கும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 150 கிலோவுக்குக் குறையாத விசை சிலிண்டரை எதிர்த்திசையில் தள்ளும். சிலிண்டரின் எடையோ 60 கிலோ அளவுதான். அது பாய்ந்து போகும் என்பது மிகைப்பேச்சு அல்ல.

எனவே வால்வு மூடி திருகாமல் சிலிண்டர் வண்டியில் ஏறக் கூடாது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும். நிற்க வைப்பதானால் கூண்டுச் சட்டத்தில், மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பட்டை போட வேண்டும். கழுத்திலோ வால்விலோ கயிறு படக் கூடாது. படுக்க வைப்பதானால் கேபின் தகட்டை ஒட்டி வண்டியின் குறுக்கே வைத்து, இருபுறமும் ஆப்புக்கட்டை கொடுத்து, பெல்ட் போட வேண்டும். நீளவாக்கில் கிடத்தினால் மோதலில் அது நேரே ஓட்டுநரின் முதுகை நோக்கி வரும். அசிட்டிலின், சமையல் எரிவாயு சிலிண்டர்கள் நிமிர்ந்துதான் செல்ல வேண்டும். ஆக்சிஜன் வால்வை எண்ணெய்த் துணி தொடக் கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த எரிவாயு சிலிண்டர் விதிகள் சிலிண்டர் போக்குவரத்தை நெறிப்படுத்துகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு (பெசோ) இவற்றை நடைமுறைப்படுத்துகிறது. இரு சக்கர வாகனத்தில் ஏற்றக் கூடாது, வண்டியின் பக்கத்துக்கோ பின்னுக்கோ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உட்புறத்தில் கூர்மையான நீட்சி இருக்கக் கூடாது, ஒன்றோடொன்று மோதாமலும் விழாமலும் முட்டுக் கொடுத்துக் கட்ட வேண்டும் என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 129 முதல் 137 வரையான பகுதி அபாயகரப் பொருள் ஏற்றும் வண்டிகளுக்கான அடையாளங்களையும் ஓட்டுநர் கடமைகளையும் வகுக்கிறது. வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், கம்ப்ரசரை நிரந்தரமாகப் பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. சரக்கு பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாய்.

இந்த விதிகளின் பார்வை சிலிண்டர் மீதும் பெரும் சுமைகள் மீதும் பதிந்திருக்கிறது. பஞ்சர் கடைக் கம்ப்ரசரை வண்டியில் ஏற்றும் தொழிலாளிக்கு, எத்தனை பெல்ட், எவ்வளவு திறன், எந்தக் கொக்கி என்று எளிய தமிழில் சொல்லும் கையேடு வேண்டும். கம்ப்ரசரோடு தரும் குறிப்புப் புத்தகத்திலேயே அது இருக்கலாம்.

காலி செய்தல் என்னும் முதல் கட்டு

இத்தனையையும் தொகுத்துப் பார்க்கும்போது வரிசை தெளிவாகிறது. கம்ப்ரசர் தொட்டிக்கு முதல் பாதுகாப்பு வடிகால் வால்வு, இரண்டாவதுதான் பெல்ட். மோட்டாரை நிறுத்தி, குழாயைக் கழற்றி, வடிகால் வால்வை மெல்லத் திறந்து, மீட்டர் முள் சுழியத்தைத் தொட்டபின் வண்டியில் ஏற்ற வேண்டும். வழி முழுதும் வால்வு திறந்தே இருக்கட்டும். அப்போது அது வெறும் இரும்பு எடை. நான்கு பெல்ட்டும் ரப்பர் பாயும் அதைப் பிடித்துக்கொள்ளும்.

போன இடத்தில் உடனே காற்று வேண்டுமே என்பதுதான் இதற்கு வழக்கமாக எழும் மறுப்பு. நிமிடத்துக்கு 250 லிட்டர் காற்று தரும் கம்ப்ரசர், 200 லிட்டர் தொட்டியை 8 பார் வரை நிரப்ப 1,600 லிட்டர் காற்றைத் தர வேண்டும். ஆறேழு நிமிட வேலை. அதற்கும் இடமில்லாத அவசரம் என்றால் 2 பாருக்குள் இறக்கி வைத்துக்கொண்டு போகலாம். உள்ளிருக்கும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அபாயகரப் பொருள் போக்குவரத்துக்கான ஐ.நா. மாதிரி விதிகளும் 20 டிகிரியில் 2 பாருக்குக் குறைந்த அழுத்தத்திலுள்ள சாதாரணக் காற்றுக்கு விலக்கு அளிக்கின்றன.

இதைச் செய்து முடிக்கும் திறமை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோவை கம்ப்ரசர் செய்கிறது. நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டுகிறது. திருச்செங்கோடு, பெரிய கம்ப்ரசரைச் சுமக்கும் ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்புகிறது. ஓடும் வண்டியில் கனத்த இரும்பையும் அழுத்தக் காற்றையும் கையாளும் அந்தப் பட்டறை அறிவு குட்டி யானைக்கும் இறங்கி வர வேண்டும். வண்டி செய்பவர்கள் திறன் அளவு பொறித்த கட்டுக் கண்ணிகளைச் சேஸிஸோடு இணைத்தே தர வேண்டும். கம்ப்ரசர் விற்பவர்கள் ரப்பர் கால் வைத்த பயணச் சட்டத்தையும் சேர்த்து விற்க வேண்டும். வேலைக்கு அழைக்கும் ஒப்பந்தக்காரர், தொட்டி நிரம்ப ஆகும் அந்த ஆறேழு நிமிடத்தையும் கூலி நேரமாகக் கணக்கிட வேண்டும். நேரம் போகிறது என்ற நெருக்கடியில்தான் அழுத்தம் நிறைந்த தொட்டி வண்டியில் ஏறுகிறது. அந்த நெருக்கடியை நீக்கும் கடமை தொழிலாளியைவிட வேலை கொடுப்பவருக்கே அதிகம்.